ஒரு கைக்கு மட்டும் மருதாணி

செய்தி வந்தபோது நான் காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். அன்று முகூர்த்த நாள். முசிறியிலிருந்து வர வேண்டிய வண்டி ஒரு மணி நேரம் தாமதம். "மாப்பிள்ளை தாலி கட்டி முடிச்சு பந்தியில உக்காந்துட்டாரு. வெறுந்தரையப் பாத்துக்கிட்டிருக்காரு. நீங்க ஆடி அசைஞ்சு வாங்க" என்று டிரைவரை வாரிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைகளில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும் சேகர் அண்ணன்.

"தனம், ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துட்டாங்கம்மா. காலையில நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"அண்ணே, இதுலயெல்லாம் விளையாடாதீங்க."

"விளையாடறது உன் வேலை. நான் என்னைக்கும்மா விளையாடியிருக்கேன்?"

அது உண்மைதான். சேகர் அண்ணன் சிரித்தே நான் பார்த்ததில்லை. இறக்கி வைத்த கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடுகிற இலை மேல் யாராவது உட்கார்ந்தால் கத்தியைத் தூக்கிக்கொண்டு விரட்டுகிறவள் நான். அன்று என்னை யாரும் விரட்டவில்லை.

சிஸ்டருக்கு நினைவு மலர் போடுகிறோம், நோயாளிகள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று வார்டில் கேட்டபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இவ்வளவு பேசுகிறாயே, அதையே எழுது என்றார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இதுவரை அதிகமாக எழுதியது இலைக்கட்டின் மேல் சொருகும் சீட்டில் கல்யாண மண்டபத்தின் பெயர்தான். இருந்தாலும் எழுதுகிறேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்வதில் பாதி முன்பே தெரிந்திருக்கும். மீதிப் பாதி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. அவர் போய்விட்டதால் அதை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு வலது கையில், முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக, ஒரு கட்டி வந்தது. கட்டு தூக்கித் தூக்கி வந்த வீக்கம் என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு எட்டு மாதம் திரிந்தேன். எலுமிச்சை அளவில் இருந்தது மாங்காய் அளவு ஆனபிறகுதான் காட்டினேன். முதலில் பார்த்த இடத்தில், புற்று, முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிடுவதுதான் வழி என்று சொன்னார்கள். இலை நறுக்குகிற கை, மடிக்கிற கை, அளந்து அடுக்குகிற கை எல்லாம் எனக்கு அந்த ஒரு கைதான். இடது கை சும்மா துணைக்கு வருகிற கை.

பிறகுதான் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தும் டாக்டர் என் படங்களை எல்லாம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். சாதாரணமாக மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பு முழுவதும் ஓடிவிட்டுத்தான் கட்டிக்கு வரும். அதற்குப் பதிலாகத் தொடை இடுக்கில் ஒரு சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே வயிறு, நெஞ்சு, தோள் என்று தாண்டி, கட்டிக்கு ரத்தம் போகிற இடத்துக்கே கொண்டுபோய் மருந்தை அங்கேயே விடுவது. மாதம் ஒன்று என்று மூன்று முறை. கட்டி சுருங்கினால் கட்டியை மட்டும் எடுக்கலாம்.

"சுருங்காட்டி?" என்றேன்.

"சுருங்காட்டி கையை எடுக்கத்தாம்மா வேணும்."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா சிஸ்டரிடம் அனுப்பினார்கள். குழாய் விடும் ஆஞ்சியோ அறையின் பொறுப்பு அவருடையது என்று உங்களுக்குத் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் நிற்கிற கண்ணாடி. டாக்டர் சொன்னதையே அவர் இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்ட வேண்டுமே.

"அதாவது சிஸ்டர், முசிறியிலேருந்து வர்ற லோடு ஊரெல்லாம் சுத்தி, எல்லாக் கடையிலயும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிட்டு, கடைசியில வாடிப்போய் எங்கிட்ட வர்றது பழைய வைத்தியம். நேரா என் கடை வாசல்லயே இறக்கறது உங்க வைத்தியம்."

"ஆமா. ஆனா உங்க கடை வாசல் ரொம்பக் குறுகல். வண்டி மாட்டிக்கிட்டா பின்னால இருக்கற தெருவுக்கு ஒண்ணுமே போகாது. அதனாலதான் விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்" என்றார், சிரிக்காமல்.

எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. என் கேலிக்குச் சிரிக்கிற ஆள் நிறைய உண்டு. அதை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிற ஆள் குறைவு.

என் வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் பயந்தவர். "எல்லாம் சரியாயிடும்ல சிஸ்டர்?" என்று கேட்டார்.

"சரியாயிடும்னு சொல்றதுக்கு நான் யாருங்க? பாத்துக்கறேன். அது மட்டும்தான் சொல்லுவேன்."

ஸ்ரீரங்கம் திரும்பும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "ஒரு வார்த்தை, வாய்க்குச் சொன்னா என்ன கொறஞ்சுடும் அந்தம்மாவுக்கு?" சிஸ்டர் கொடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். வளையல், மோதிரம் கூடாது. நகப்பூச்சு கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மருதாணிச் செடியில் ஒரு கை இலை உருவிவந்து மிக்ஸியில் அரைத்தேன். இடது கையால் வலது கைக்கு வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் பெரிய வட்டம், சுற்றிலும் ஐந்து பொட்டு, ஐந்து விரலுக்கும் தொப்பி. இடது கைக்குப் பழக்கமில்லாததால் வட்டம் கோணிக்கொண்டது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம், இப்ப என்ன மருதாணி?" என்றார் வீட்டுக்காரர்.

"நகப்பூச்சுதானே கூடாதுன்னாங்க. மருதாணின்னு போடலையே. உங்களுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுமா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆஞ்சியோ அறையில் என்னைப் படுக்கவைத்து, போர்வையை விலக்கி என் கையை எடுத்த சிஸ்டர் அப்படியே நின்றார். கண்ணாடியை மேலே தள்ளினார். பிறகு கீழே தள்ளினார்.

"என்னம்மா இது?"

"மருதாணி சிஸ்டர். நல்லாப் புடிச்சிருக்குல்ல?"

நல்லாத்தான் பிடித்திருந்தது. அதுதான் வினை. மருந்து இறங்கும்போது குழாய்க்குப் பக்கத்தில் ரத்தம் உறைந்தாலோ, ரத்தக்குழாய் சுருங்கினாலோ, முதலில் விரல் நுனி வெளுக்கும். நகத்தை அழுத்தி விட்டால் வெள்ளையாகி மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் விரலே போய்விடலாம். மருந்து ஓரிடத்தில் தேங்கினால் தோல் சிவந்து காட்டும். என் கையில் வெளுப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது. எது கேட்டாலும் மருதாணிதான் பதில் சொல்லும்.

சிஸ்டர் முதலில் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். அசையவில்லை. சோப்பு போட்டார். கடைசியில் சேகர் அண்ணனை அனுப்பி கேன்டீனிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். பாதி பழத்தைப் பிழிந்து ஐந்து நகத்திலும் பரபரவென்று தேய்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் பழமும் தீர்ந்தபிறகுதான் சொன்னேன்.

"எலுமிச்சை போட்டா இன்னும் நல்லா செவக்கும் சிஸ்டர். நாங்க அதுக்குத்தான் போடுவோம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க இவ்வளவு ஆசையா தேய்க்கறப்ப எப்படிச் சொல்றது?"

ஓரமாக நின்ற சேகர் அண்ணன் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். அவருக்குக் கோபம். வேறு நாள் வைக்கலாம் என்றார். பிறகு அவரே, நகத்தில் ஏறின சாயம் வளர்ந்து போக மாதக்கணக்காகும், அதுவரை கட்டி சும்மா இருக்காது, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் விரல்களை ஆட்டுகிற நரம்பைச் சுற்றிக்கொள்ளும் என்றார். விரலில் மாட்டுகிற கிளிப்பைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஒருமுறை எண் காட்டியது, ஒருமுறை வெறும் கோடு காட்டியது. கட்டி ரத்தக்குழாயை அழுத்தி அழுத்தி, மணிக்கட்டில் நாடியே மங்கலாகத்தான் கிடைத்தது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கும் ஒரு சின்ன மெஷின் இருந்தது. அது மணிக்கட்டு வரைக்கும்தான் சொல்லும், விரல் நுனியில் நடப்பதைச் சொல்லாது என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. என் விளையாட்டால் என் கையை நானே இழக்கப் போகிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சிஸ்டர், இலைக்கட்டு நல்லாருக்கா இல்லையான்னு நாங்க கண்ணால பாக்கறதில்ல. மேல எல்லாக் கட்டும் பச்சையாத்தான் இருக்கும். நடுவுல கையை விட்டுப் பாப்போம். சூடு ஏறியிருந்தா உள்ள பழுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துக் கட்டுலயும் கைய விட்டு ரெண்டையும் ஒத்துப் பாத்தா தப்பவே தப்பாது."

டாக்டர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். சிஸ்டர் அப்படிப் பார்க்கவில்லை. என் வலது கையைத் தன் இடது கையிலும் என் இடது கையைத் தன் வலது கையிலும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். விரல் விரலாகத் தொட்டுப் போனார். பிறகு கைகளை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை தொட்டார்.

"டாக்டர், நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். கால் மணிக்கு ஒருதரம் வந்து பாக்கறது இல்ல. பம்ப் ஓடி முடியற வரைக்கும் விடாமப் புடிச்சுக்கறேன். ஒரு விரல் குளுந்தாலும் சொல்லிடறேன். அந்த மெஷினையும் மணிக்கு ஒருதரம் வச்சுப் பாப்போம்."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

குழாயை உள்ளே விட்டு நிறுத்தியதும், எக்ஸ்ரேவுக்காகப் போட்டிருந்த கனத்த ஈய அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மருந்து சிவப்பு நிறம். கண்ணாடிக் குழலில் என் மருதாணி நிறத்திலேயே இறங்கியது. சாயங்காலம் வரை ஓடும் என்றார்கள். கால் நீட்டியபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசையாமல் இருக்கிற உறுப்பு என்று எனக்கு ஒன்றும் கிடையாது. வாயாவது ஆடட்டும் என்று பேசத் தொடங்கினேன்.

"சிஸ்டர், கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு நேரம் கையப் புடிச்சதில்ல."

"நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"உங்களுக்குக் கை வலிக்கலையா?"

"பேசாம இருங்க. நீங்க பேசிச் சிரிச்சா ரெண்டு கையும் சூடாகுது. எனக்குத் தப்பாயிடுது."

மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு சிஸ்டர் மாற்ற வந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் போகவில்லை. இந்தக் கையின் சூடு எனக்குத்தான் தெரியும், புதுக்கைக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு யாரோ இட்லி கொண்டுவந்து ஊட்டப் போனார்கள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அறை கொஞ்சம் அமைதியானபோது என் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"ஒரு கைக்கு மட்டும் ஏன் வச்சீங்க?"

"இலை தீந்து போச்சு சிஸ்டர்."

பம்ப் கிர் கிர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"வழியனுப்பி வைக்கறீங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் பெண்ணுக்குத் தெரியாது. மார்க்கெட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானே என்னிடம் அந்த வார்த்தையில் சொல்லிக்கொண்டதில்லை. மூன்று முறையில் சுருங்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் அதை என்ன செய்வார்கள், எங்கே போடுவார்கள் என்று யோசித்து யோசித்து, இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட கை வெறுங்கையாகப் போகக் கூடாது என்றுதான் வைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சிஸ்டர் பிடித்திருந்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார், அவ்வளவுதான்.

ரெண்டு மணி இருக்கும். சிஸ்டரின் விரல்கள் என் சுண்டுவிரலில் நின்றன. மோதிர விரலுக்குப் போய், திரும்பவும் சுண்டுவிரலுக்கு வந்தன. இடது சுண்டுவிரலைத் தொட்டார். மறுபடி வலது. எனக்கு அந்த விரலில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு கொஞ்ச நேரமாகவே இருந்தது. பேசாமல் இருங்கள் என்று அவர் சொன்னதால் சொல்லாமல் இருந்தேன். பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரக் கூப்பிடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சுண்டுவிரல் குளுந்திடுச்சு!"

பம்ப்பை நிறுத்தினார்கள். திரையைப் போட்டுப் பார்த்தார்கள். குழாய் நுனியைச் சுற்றி ரத்தக்குழாய் இறுகிக்கொண்டிருந்தது. டாக்டர் குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தக்குழாய் தளர வேறு ஒரு மருந்தை விட்டார். இந்த முறை ஈய அங்கியை மாட்டிக்கொண்டே ஒரு கையால் என் விரலை விடாமல் பிடித்திருந்தார் சிஸ்டர். எனக்கு அந்த விரல் என்னுடையது என்றே தோன்றவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கண், மூக்கு நுனியில் கண்ணாடி, உதடு ஏதோ முணுமுணுத்தது. அது ஜெபமா, நிமிஷக் கணக்கா என்று பின்னால் கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

"வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வருது டாக்டர்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சு."

அப்போது நான் அழுதேன். கட்டி என்று சொன்ன நாளிலிருந்து அதுவரை அழவில்லை. சிஸ்டரின் இரண்டு கையும் என் கைகளில் இருந்ததால் என் கண்ணைத் துடைக்க ஆள் இல்லை. சேகர் அண்ணன் வந்து துடைத்துவிட்டார்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சிஸ்டர் கூடவே நடந்து வந்தார். வார்டு வாசலில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "தனம், இனிமே எதையாவது வழியனுப்பறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பு."

அன்றிலிருந்து நான் அவருக்கு 'நீங்க' இல்லை, 'நீ'.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது முறை போனபோது ஒவ்வொரு நகத்தின் அடியிலும் அரிசி முனையளவு புது நகம் சாயமில்லாமல் வளர்ந்திருந்தது. சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்து அதை உற்றுப் பார்த்தார். "இது போதும் எனக்கு" என்றார். அந்தப் பிறையை அழுத்தினார், வெளுத்தது, விட்டார், சிவந்தது. இருந்தாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "பழக்கமாயிடுச்சு" என்றார். மூன்றாவது முறை பாதி நகம் வெளியே வந்திருந்தது. உங்களுக்கெல்லாம் ஸ்கேனில்தான் கட்டி சுருங்குவது தெரிந்திருக்கும். எனக்கு மருதாணி ஏற ஏறத் தெரிந்தது. கட்டி பழையபடி எலுமிச்சை அளவுக்கு வந்தது. அதை மட்டும் எடுத்தார்கள். கை இருக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுதாக மடங்காது. இலையை மடிக்க மூன்று விரல் போதும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். என்னோடு அதே மாதங்களில் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். முழங்காலுக்கு மேலே கட்டி. அவருக்கும் மூன்று முறை அதே வைத்தியம், அதே டாக்டர், அதே சிஸ்டர். அவருக்குச் சுருங்கவில்லை. காலை எடுக்க நாள் குறித்த செய்தி கேட்டு நான் சிஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். யாரிடம் சண்டை போடுவதென்று தெரியாததால்.

"அவருக்கும் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே சிஸ்டர்! அப்புறம் ஏன்?"

"பாத்தேன். அப்படியும் சுருங்கல." அவர் ஊசிகளை எண்ணி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். "கட்டி சுருங்கறது என் கையில இல்ல தனம். என் கையில இருக்கறதை மட்டும் நான் விட மாட்டேன்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த வார்டு பக்கம் போனேன். சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அந்த மனிதரின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரம் துடைத்து ஐந்து விரலுக்கும் நகம் வெட்டினார். கண்டக்டர் அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன், இது உங்கள் வேலையில் சேர்ந்ததா என்று.

"இல்ல. காலுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுதான்னு அவர்கிட்ட கேட்டேன். கழுவி நகம் வெட்டினாப் போதும்னாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "முன்னாடியெல்லாம் இப்படிக் கேக்கணும்னே எனக்குத் தெரியாது. உன் ஒத்தைக் கையப் பாத்தப்புறம்தான் கேக்கறேன்" என்றார்.

இதை அவர் வேறு யாரிடமும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

இப்போது நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில், நகப்பூச்சு கூடாது என்ற வரிக்குக் கீழே 'மருதாணியும் கூடாது' என்று இருக்கிறதே, அது சிஸ்டர் முதலில் பேனாவால் எழுதிச் சேர்த்தது. பிறகு அச்சிலேயே வந்துவிட்டது. அந்த வரிக்கு நான்தான் சொந்தக்காரி என்று நான் மார்க்கெட்டில் பெருமையடித்துக்கொள்வேன். சிஸ்டரோ புதிதாக வருகிறவர்களிடம் அந்த வரியைக் காட்டி, "இப்படியும் ஒருத்தி வந்தா" என்று சொல்லி, என்னை ஒரு எச்சரிக்கைப் பலகையாகவே ஆக்கி வைத்திருந்தார். வியாழக்கிழமைகளில் நான் வார்டுக்கு வந்து கையைக் காட்டிப் பேசிவிட்டுப் போவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு நுனி இலை என் கடையிலிருந்துதான் போகும். "ஓரம் கிழிஞ்சிருக்கு" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு குறை சொல்லாமல் வாங்கமாட்டார். கிழிசலே இல்லாத இலையாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பிய வருஷம், "என்ன, இந்த வருஷம் இலை ரொம்பச் சின்னதா இருக்கு?" என்றார்.

இலைக்கட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சேகர் அண்ணன் சொன்ன அன்று காட்டூரில் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கூடத்தில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை. கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. கைகளைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நான் போகிற துக்க வீட்டில்கூட யாரையாவது ஒரு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவேன். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

கிட்டே போய்க் கையைத் தொட்டேன். வலது சுண்டுவிரல். பிறகு இடது சுண்டுவிரல். திரும்பவும் வலது. மாற்றி மாற்றித் தொட்டேன்.

"என்னம்மா பாக்கறீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. உங்கம்மா சொல்லிக் குடுத்தது."

ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் ஆபத்து, உடனே கூப்பிட வேண்டும். அவருக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கூப்பிடுவதற்கு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல வார்டுக்கு வந்தேன். மறுநாள் குழாய் விடப்போகும் ஒரு பெண், தொட்டியத்துக்காரி, கழுத்தில் கட்டி, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "எனக்கும் சரியாயிடும்லக்கா?" வாய் நிறையப் பேசுகிறவள் நான். ஆறுதலுக்கு ஆயிரம் பொய் சொல்லத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்தது ஒரு வார்த்தைதான், அதுவும் என்னுடையது இல்லை. "பாத்துக்கறோம்மா" என்றேன்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த வார்த்தை. இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் நான் இரண்டு கைக்கும் மருதாணி வைத்துக்கொள்கிறேன். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் தொப்பி போடுவதில்லை. மார்க்கெட்டில் கேட்பார்கள், "என்னக்கா, ஒத்தை விரலை விட்டுட்டே, இலை தீந்துபோச்சா?" ஆமாம், அந்த விரல் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது, அது மருதாணி வாங்காது என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அன்று முதலில் குளிர்ந்த விரல் அது. என்னைப் பார்த்துக்கொள்ள இனி யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் பார்ப்பதற்கு என் கையில் ஒரு நகமாவது வெறுமையாக இருக்கட்டும்.